எந்தப் பக்கத்திலிருந்து ஏறுவது?

பிரயாணம் என்றதும் மூட்டை கட்டுவதில்தான் நம் கவனம் போகும். ஆனால் பாமீர் மலைச் சாலைக்குப் போகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்தப் பக்கத்திலிருந்து ஏறுவது என்பதைத்தான்.

உஸ்பெகிஸ்தானத்துச் சாமர்கண்டில் நீலக் கும்மட்டங்களைக் கண்டு களித்துவிட்டு, தஜிகிஸ்தான் வழியாகக் கிர்கிஸ்தானத்து ஓஷ் நகருக்கு மோட்டாரில் போக ஆசையா? வழியில் அக்-பைதால் கணவாய் நிற்கிறது. உயரம் 4,655 மீட்டர்! அங்கே காற்று மெலிந்திருக்கும். அவசரமாக ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரும். முற்றினால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, தஜிகிஸ்தானத் தலைநகர் துஷான்பேயிலிருந்து புறப்படுவதே நல்லது. குலாப் வழியாகப் போனால், பாஞ்ச் நதிக் கரையோடு சாலை நெடுந்தூரம் செல்லும், எதிர்க்கரை ஆப்கானிஸ்தானம். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கோரோக்கில் இரண்டு இரவு தங்கினால் உடம்பு சற்றுப் பழகிவிடும். பிறகு மெல்ல மெல்ல முர்காப் போகலாம். ஓஷிலிருந்து புறப்பட்டாலோ, சுமார் 1,000 மீட்டரிலிருந்து ஒரே நாளில் 4,280 மீட்டர் கிசில்-ஆர்ட் கணவாய்க்கு ஏறிவிட நேரும்!

ஜூன் முதல் செப்டம்பர் வரை உகந்த காலம். 2021-இல் மூடப்பட்ட தஜிக்-கிர்கிஸ் எல்லை 2025-இல்தான் திறந்தது. புறப்படுமுன் நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். கம்பளியோடு, கைவசம் இரண்டு நாளும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குத் தலைவலி அதிகமானால் மேலே போக வேண்டாம். உடனே கீழே இறங்கிவிடுங்கள்.