மரமும் களிமண்ணும் வைக்கோலும்

போலந்தின் ஷ்விட்னிட்சா நகரத்துக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது கத்தோலிக்கப் பேராலயத்தின் கோபுரத்தைத்தான். நூறு மீட்டருக்கு மேல் உயரம். நானும் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பழைய ஊரின் எல்லையைத் தாண்டி நடந்தேன். மரங்களுக்கு நடுவே பெரிய தானியக் களஞ்சியம் போல ஒரு கட்டடம் நின்றது. மரச்சட்டங்களுக்கு இடையே மண் அடைத்த சுவர், கோபுரம் கிடையாது. அதுதான் லுத்தரன் சபையாரின் சமாதான ஆலயம்.

இந்த எளிமை அவர்கள் விரும்பி ஏற்றதல்ல. முப்பதாண்டுப் போரை முடித்த 1648 வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையின்போது, ஸ்வீடன் வற்புறுத்தியதால், இந்த ஊர் அடங்கிய சைலீசியாவில் லுத்தரன்களின் மூன்றே மூன்று புதிய ஆலயங்களுக்குக் கத்தோலிக்கரான ஹாப்ஸ்பர்க் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் இடம் கொடுத்தார். ஊர் மதிலுக்கு வெளியேதான் கட்ட வேண்டும். கல்லும் செங்கல்லும் கூடாது. மரம், களிமண், வைக்கோல் மட்டும். கோபுரமும் மணியும் கூடாது. ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும். சீக்கிரம் இற்றுப்போகட்டும் என்றுதான் இப்படி விதித்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1656 ஆகஸ்டில் அஸ்திவாரம் போட்டார்கள். அடுத்த ஜூனில் முதல் ஆராதனை நடந்துவிட்டது.

உள்ளே நுழைந்ததும் பேச்சு வரவில்லை. வெளியே மறுக்கப்பட்ட அத்தனையையும் உள்ளே கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். தலைக்கு மேல் அடுக்கடுக்காக மாடங்கள். அவற்றின் முகப்பு நெடுக வேத வசனங்களும் கைவினைஞர் சங்கங்களின் சின்னங்களும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. கூரையில் வெளிப்படுத்தின விசேஷத்தின் காட்சிகள். பிரசங்க பீடத்தின் ஓரத்தில் ஒரு மணல் கடிகாரம். போதகருக்கு நேரத்தை நினைவூட்டுவதற்கு.

மாடங்களை ஏன் இப்படி அடுக்கினார்கள் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கான ஆலயங்களை இவர்களிடமிருந்து பறித்துவிட்டார்கள். ஆகவே ஒரு சிற்றரசின் ஜனங்கள் அத்தனை பேருக்கும் இது ஒன்றே கதி. உட்கார 3000 பேர், நிற்க 4500 பேர் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். கிராமங்களிலிருந்து வந்த குடியானவர்களும், பெருமளவு மரத்தைக் கொடுத்த ஹோக்பெர்க் பிரபுவின் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் கூடினார்கள். பிரபுவுக்குத் தனி மாடம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட சபைக்குள்ளும் மேல் கீழ் இருந்தது.

மணிக்கூண்டுக்கு 1707க்குப் பிறகுதான் அனுமதி கிடைத்தது. மூன்று ஆலயங்களில் க்வோகூஃபில் இருந்தது 1758-இல் எரிந்துபோயிற்று. யாவோரில் உள்ளதும் இதுவும் 2001 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன.

1945க்குப் பிறகு, அதுவரை இங்கே வாழ்ந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டு, போலந்துக்காரர்கள் குடியேறினார்கள். ஊர் பெரும்பாலும் கத்தோலிக்க ஊராயிற்று. ஆயிரக்கணக்கானோருக்காகக் கட்டிய ஆலயத்தில் இன்று இருப்பது மிகச் சிறிய சபை. ஆனாலும் ஆராதனை நிற்கவில்லை. கோபுரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே ரயிலேறுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு கேட்பதில்லை. கொஞ்சம் நடந்தால் போதும், இந்த ஆலயத்தின் வாசலுக்கே வந்துவிடலாம்.