மாங்குளத்துக் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு

கடந்த ஆவணி மாதத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு கல்யாணக் கார்ட் வந்தது. மணமகள் கனடாவில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணமோ மாங்குளத்தில். “அங்க இல்லாத மண்டபமா? ஏன் இவ்வளவு தூரம் வந்து இந்த வெயிலில கல்யாணம் செய்யினம்?” என்று நான் உம்மாவிடம் கேட்டேன். “அவட அம்மம்மாவால பிளேனில போக ஏலாது. அதுதான் கல்யாணம் அம்மம்மாவிட்ட வருது” என்றார் உம்மா.

மணமகளின் தாயும் என் உம்மாவும் சிறுவயதுத் தோழிகள். முல்லைத்தீவு தண்ணீரூற்றில் ஒரே வேலிக்கு இரு பக்கமும் வாழ்ந்தவர்கள். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது உம்மாவுக்குப் பதினொரு வயது. ஏறத்தாழ 75,000 பேர் அப்படி ஊரிழந்தார்கள். உம்மாவின் குடும்பம் புத்தளத்துக்கு வந்தது. நான் பிறந்ததும் இங்கேதான். அந்தத் தோழியின் குடும்பமும் பின்னாளில் போரில் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாமிலிருந்து விடுபட்டு, மாங்குளத்தில் இருந்த தாய்வழிக் காணியில் குடியேறியது. அந்த அன்ரி அதற்கு முன்பே கனடா போய்விட்டார். இரண்டு வருடங்களுக்கு முன்புதான் ஒரு பழைய ஆசிரியர் மூலம் இருவரும் வாட்ஸ்அப்பில் பேசத் தொடங்கினார்கள்.

கார்ட் ஒரு வாரம் அலுமாரியின் மேலேயே கிடந்தது. போவதா வேண்டாமா என்று உம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. எட்டாம் நாள் இரவு, “பிள்ளையள், உங்கட நிறமான அபாயாவ எடுத்து அயர்ன் பண்ணி வையுங்கோ” என்றார். அதிலிருந்து எங்கள் பயணம் தொடங்கியது. நம்மில் பலருக்கும் இப்படியான அழைப்புகள் வரலாம். அதனால் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் உடை. நல்ல காரியத்துக்குக் கறுப்பு அணிந்து வருவதைச் சைவ வீடுகளில் மூத்தவர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை. அபாயா கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நமக்குக் கட்டாயம் இல்லையே! நான் மெரூன் நிறத்தில் போனேன், தங்கை பச்சையில் வந்தாள். நம் ஒழுக்கம் குறையாமலே அவர்களுடைய மனமும் நிறைந்தது. கழற்றி மாட்ட இலகுவான செருப்புப் போடுங்கள், பந்தலுக்குள் செருப்போடு போக முடியாது. ரொரன்டோவிலிருந்து வந்த ஒரு அக்கா உயரக் குதி வைத்த சப்பாத்தோடு செம்மண் முற்றத்தில் இரண்டடி வைத்தார். மூன்றாவது அடியில் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அடுத்தது அன்பளிப்பு. வாப்பா ஆசையாகக் கற்பிட்டியிலிருந்து நல்ல கருவாடு இரண்டு கிலோ வாங்கி வந்தார். உம்மா தலையில் கை வைத்துவிட்டார். கல்யாண வீட்டில் அந்த நாட்களில் மச்சம் புழங்காது. நல்லவேளை, புறப்படுமுன் தெரிந்தது. கருவாடு வான்காரருக்குப் போனது. நாங்கள் பேரீச்சம்பழமும் மஸ்கட்டும் கொண்டுபோனோம். மணமக்களுக்கு என்வலப்பில் காசு வைத்தோம். வெளிநாட்டிலிருந்து வரும் மணமக்களுக்குப் பாரமான சாமான் கொடுத்தால் அதைப் பிளேனில் கொண்டுபோவது அவர்களுக்குத்தான் கரைச்சல்.

பயணம். புத்தளத்திலிருந்து அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா. அங்கிருந்து ஏ-9 வீதியில் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் தாண்டி மாங்குளம். வவுனியாவிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீற்றர். ரயிலிலும் போகலாம். 1990இல் நின்றுபோன வடக்கு ரயில், 2013 செப்டெம்பரில் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆனால் எல்லா ரயிலும் மாங்குளத்தில் நிற்கும் என்று எண்ணிவிடாதீர்கள், விசாரித்து ஏறுங்கள். ஆவணி வெயிலில் வன்னி காய்ந்து கிடக்கும். தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள், தொப்பியும் குடையும் வெட்கப்படாமல் எடுங்கள். படம் எடுக்கும் ஆசையில் தெரியாத பற்றைக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை எங்கே கண்டாலும் அதற்கு அப்பால் ஓரடியும் வைக்கக் கூடாது.

தொழுகை. பிரயாணிக்கு மார்க்கம் தந்த இலகு இருக்கிறது. நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம், லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம். ஆகவே முகூர்த்த நேரத்தில் எழுந்து ஓட வேண்டிய தேவை வராது. ஒரு பாயும் ஒதுக்கமான இடமும் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லக் கூச்சப்பட்டோம். ஆனால் கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை நாங்கள் போய் இறங்கியபோது, அந்த அம்மம்மா ஒரு அறையைக் கூட்டித் துடைத்து, புதுப்பாய் விரித்து வைத்திருந்தார். பாய் மேற்குப் பக்கம் பார்த்துக் கிடந்தது. “உன்ர வாப்பா திண்ணையில இந்தப் பக்கம் பாத்துத்தான் தொழுவார். எனக்கு மறக்கேல்லை” என்று உம்மாவிடம் சொன்னார்.

அன்றிரவு பெண்கள் எல்லோரும் முற்றத்தில் மாலைக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்தோம். அம்மம்மா உம்மாவுக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தார். கொஞ்ச நேரம் நாரைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். பிறகு மெதுவாக, “அண்டைக்கு உங்களை அனுப்பேக்குள்ள நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லைப் பிள்ளை. பயம். வேலிக்கு இஞ்சால நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்” என்றார். உம்மாவின் கை நின்றது. “பரவாயில்லை” என்று உம்மா சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கீழே விழுந்திருந்த பூவை எடுத்து மறுபடியும் கட்டத் தொடங்கினார். சற்றுக் கழித்து, “மருந்து குடிச்சிட்டீங்களா அம்மா?” என்று கேட்டார்.

மறுநாள் காலை கல்யாணம். வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு. பன்னீர் தெளித்து, சந்தனமும் குங்குமமும் கற்கண்டும் நீட்டி வரவேற்பார்கள். பன்னீரும் கற்கண்டும் நமக்குப் புதிதல்ல. குங்குமத்தட்டு வரும்போது முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம், விளக்கம் சொல்லவும் வேண்டாம். நெஞ்சில் கை வைத்துப் புன்னகைத்தால் அவர்கள் புரிந்துகொள்வார்கள். பொன்னுருக்கு முன்பே ஒரு நல்ல நாளில் நடந்து முடிந்திருக்கும், அந்தப் பொன்தான் தாலியாகும். மணமகள் கூறைச்சேலை மாற்றி வந்து அமர்ந்ததும் கெட்டிமேளம் முழங்கும். அந்த நேரம் பேசாமல், குறுக்கே நடக்காமல், போனை உயர்த்திப் பின்னால் இருப்பவரை மறைக்காமல் இருங்கள். அந்தச் சடங்கு நம்முடையது அல்ல என்றாலும் பெற்றவரின் கண்ணீர் எந்தக் கல்யாணத்திலும் ஒன்றுதான்.

தாலி கட்டியபின் பெரியவர்கள் வரிசையாக வந்து அறுகரிசி போட்டு வாழ்த்துவார்கள். உம்மா ஓரமாக நின்றார். அம்மம்மா கதிரையிலிருந்தபடியே கூப்பிட்டார்: “நீயும் வா பிள்ளை. அரிசி போட வேண்டாம். உங்கட முறையில வாழ்த்து.” சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. உம்மா போனார். மணமகளின் கையைப் பிடித்து, “நல்லா இருங்கோ மகள். போற இடத்தில ஒருநாளும் ஒருத்தரும் உங்களை எழும்பிப் போகச் சொல்லாமல் அல்லாஹ் காப்பாத்தட்டும்” என்றார். கனடாவில் வளர்ந்த அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. அவருடைய தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கல்யாணத்தன்று வாழையிலையில் மரக்கறிச் சாப்பாடுதான். கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, அப்பளம், மோர்மிளகாய், வடை, பாயாசம். நம்முடைய ஸஹனைப் போலக் கூடி உண்பதில்லை, ஆளுக்கொரு இலை. கல்யாணத்துக்குப் பிந்திய நாட்களின் விருந்துக்கு அழைத்தால் மட்டும், “நாங்கள் ஹலால் இறைச்சிதான் சாப்பிடுவோம், எங்களுக்கு மரக்கறி போதும்” என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். சமைத்து வைத்தபின் மறுப்பதைவிட அது மரியாதை.

பிற்பகல் விடைபெற்று, முல்லைத்தீவு வீதியில் ஒட்டுசுட்டான் தாண்டித் தண்ணீரூற்றுக்குப் போனோம். மீள்குடியேறிய சில வீடுகளில் உடுப்புக் காய்ந்தது. எங்கள் காணியில் பற்றையும் கிணற்றுக் கட்டும் மட்டும் இருந்தன. உம்மா கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீர் இருந்தது.

திரும்பும் வழியில் வாப்பா கேட்டார், “அந்த அம்மா ராத்திரிச் சொன்னதுக்கு நீங்க ஒண்டும் சொல்லேல்லையே?”

“சொன்னது போதும் எண்டு சொல்ல என்னால ஏலாது” என்றார் உம்மா. “ஆனா இவ்வளவு வருசத்தில ஒருத்தர் சொன்னா. அதைக் கேக்கத்தான் அல்லாஹ் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான்.”

தோழிகளே, அழைப்பு வந்தால் போங்கள். உடையையும் உணவையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் மூத்தவர்கள் போகத் தயங்கினால் அவசரப்படுத்தாதீர்கள், அலுமாரியின் மேல் கார்ட் ஒரு வாரம் கிடக்கட்டும். அந்த அம்மம்மாவை நோன்புப் பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்திருக்கிறோம். அவருக்கு மரக்கறிதான் சமைக்க வேண்டும் என்று உம்மா இப்போதே சொல்லிவிட்டார். இன்ஷா அல்லாஹ், வருவார்.