பற்றவும் விடவும்

பசை என்றால் விடாமல் பற்றுவதே அதன் இலக்கணம் என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். கிதாபுகளுக்கு அட்டை கட்டிய நாட்களில், மைதாவில் சிறிது மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சி, ஒட்டிய தாள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பெயரக் கூடாது என்று அதன் உறுதியையே மெச்சிப் பழகியவர்கள் நாம். குறித்த வேளையில் சுவடின்றி நீங்குவதற்கென்றே ஒரு பசை செய்யப்படுகிறது என்பதையும், அவ்வாறு நீங்கச் செய்வது ஒட்டச் செய்வதினும் அரிய வேலை என்பதையும், ஐம்பது வயதைக் கடந்த பின்னர், நம்மிடம் ஓதி இடையில் நின்றுவிட்ட ஒரு பிள்ளையிடமிருந்து அறிந்துகொண்டோம். அதனை நேயர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகின்றோம்.

காரைக்குடியில் நம் இல்லத்தில் பச்சை நிற இரும்பு பீரோ ஒன்று உண்டு. நம் தகப்பனார் மர்ஹூம் அத்தா அவர்கள், தம் கிதாபுகளைக் கரையானிடமிருந்து காக்கவென்று 1974ஆம் ஆண்டில் வாங்கியது அது. வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றே, அதன் கதவின் மேற்புறத்தில் வெள்ளை எனாமலால் பிஸ்மியைத் தம் கைப்பட எழுதினார்கள். நாணற் கலம் எனாமலுக்கு ஆகாது என்று அணில்முடித் தூரிகை ஒன்றைத் தேடி வாங்கி வந்திருந்தார்கள். அப்போது ஆறு வயதுச் சிறுவரான நாம் வண்ண டப்பாவை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு நின்றது இன்றும் நினைவில் இருக்கிறது. 1989இல் அத்தா அவர்கள் மறைந்தார்கள். அவர்களுடைய கையெழுத்தென நம்மிடம் எஞ்சியிருப்பவை சில கிதாபுகளின் ஓரக் குறிப்புகளும் இந்த ஒரு வரியுமே.

சென்ற ஆண்டு கோடையில் வீட்டுக்கு வண்ணம் பூசினோம். பணியாளர்களின் உருளையிலிருந்து தெறிக்கும் துளி எதுவும் அந்த வரியின் மேல் பட்டுவிடக் கூடாதே என்னும் கவலையால், பார்சல் கட்டும் பழுப்பு நிற டேப்பை எடுத்து, எழுத்துகளின் மேல் நெருக்கமாக நாமே ஒட்டினோம். வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. பீரோவோ முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், சித்திரை வெயிலில் மூன்று வாரங்கள் நின்றது. இறுதியில் டேப்பை உரித்தபோது, ரஹீம் என்னும் சொல்லின் ஈற்று மீமின் வால்நுனியும், பிஸ்மியின் முதலெழுத்தாகிய 'பே'யின் கீழிருந்த புள்ளியும் அதனோடு சேர்ந்து வந்துவிட்டன.

ஒரு புள்ளிதானே என்று சிலர் கூறினர். அரபு எழுத்தில் 'பே', 'தே', 'ஸே' மூன்றுக்கும் வடிவம் ஒன்றே. புள்ளியே அவற்றைப் பிரித்துக் காட்டுவது. தமிழிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் எனத் தொல்காப்பியம் விதித்திருக்க, ஓலையில் புள்ளியின்றி எழுதப்பட்ட ஏடுகளைப் படித்தெடுக்கப் புலவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். அவை யாவும் ஒருபுறம் இருக்கட்டும். அது அத்தா வைத்த புள்ளி. தெறிக்கும் சாயத்திலிருந்து காக்கப் புகுந்த நம் கையே அதனைப் பறித்துவிட்டது. அன்றிரவு நமக்கு உறக்கம் இல்லை.

உரிந்த இடங்களின் வழியே துருவும் தலைகாட்டிற்று. பீரோவை முழுமையாகச் செப்பனிட்டு ஸ்பிரே அடிப்பதன்றி வேறு வழியில்லை. விசாரித்த இடத்திலெல்லாம் கிடைத்த விடை ஒன்றே: பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடித்துவிடலாம், எழுத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். இவ்விடை நம் ஊருக்குப் புதியதன்று. இடிக்கப்பட்ட பெரிய வீடுகளின் கதவுகளும் தூண்களும் எனாமல் பாத்திரங்களும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அடுக்கப்பட்டிருப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். வாங்கிச் செல்வோரின் விருப்பத்திற்கேற்ப எத்தனையோ கதவுகள் சுரண்டப்பட்டு மெருகேறுகின்றன. கதவு தப்பிவிடுகிறது, அதன்மேல் எழுதியவனின் கை மறைந்துவிடுகிறது.

இந்நிலையில்தான் அந்தப் பிள்ளையை நினைத்தோம். மக்தபில் நம்மிடம் ஓதியவன். பதினாறு வயதில் பள்ளிப் படிப்பையும் விட்டு, கார்களுக்கு டிங்கர் வேலையும் வண்ண வேலையும் செய்யும் ஒரு பட்டறையில் சேர்ந்துவிட்டான். அன்று அவன் தாயார் நம்மிடம் வந்து கண்ணீர் விட்டபோது, "இவனிடம் எதுவும் ஒட்டாது, அம்மா" என்று கூறி அனுப்பினோம். அச்சொல்லை அவன் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருந்தான் என்பதைப் பின்னரே அறிந்தோம். பத்து ஆண்டுகள் அவனைக் காணும்போதெல்லாம் ஸலாம் உரைத்துக் கடந்தோமேயன்றி, நின்று பேசியதில்லை.

அழைத்தவுடன் வந்தான். பீரோவின் முன் அமர்ந்து, உரிந்த இடத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்தான். "ஹஜ்ரத், நீங்கள் ஒட்டியது அட்டைப் பெட்டிக்கான டேப். பெட்டி திறந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். திரும்ப எடுப்பதைப் பற்றி அதைச் செய்தவர்கள் நினைக்கவே இல்லை" என்றான். பிறகு, பாடம் சொல்லும் ஆசிரியனைப் போல நிதானமாக விளக்கினான்.

அவர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பின் முதுகு சுருக்கங்கள் உடைய தாள். அச்சுருக்கங்களால் அது வளைவுகளில் இழுத்த இழுப்புக்கு இசைந்து படிகிறது. தெறிக்கும் சாயத்தை வழியவிடாமல் ஏந்திக்கொள்கிறது. அதன் பசை ரப்பரும் பிசினும் கலந்தது; அழுத்தினால் மெல்லக் கசிந்து பரப்பைப் பற்றிக்கொள்வது. முற்றிலும் திடமும் அன்று, திரவமும் அன்று. ஆகவே நாள் செல்லச் செல்ல அது மேலும் ஊறி, நுண்ணிய பள்ளங்களிலெல்லாம் இறங்குகிறது. வெயில் பட்டால் ரப்பர் கெட்டு, பசை பிசுபிசுத்து அங்கேயே தங்கிவிடுகிறது. எனவே வெயிலில் ஒரு நாளுக்கு மேல் விடலாகாது. அடித்த சாயம் கைக்கு ஒட்டாத அளவு காய்ந்து, முற்றும் இறுகுவதற்கு முன், டேப்பை அதன் முதுகின் மேலேயே மடக்கி மெதுவாக இழுக்க வேண்டும். இறுகிய பின் இழுத்தால் விளிம்பு பிய்ந்துவிடும். "கீழே இருக்கும் சாயம் இரும்பைப் பிடித்திருக்கும் பிடியைவிட, டேப் சாயத்தைப் பிடிக்கும் பிடி குறைவாக இருக்க வேண்டும், ஹஜ்ரத். அவ்வளவுதான் கணக்கு" என்றான்.

பின்னர் இது பற்றித் தேடிப் படித்தபோது, நாம் செய்த பிழை நூறாண்டுப் பழமை உடையது என்று கண்டோம். 1923இல் டூக்கோ என்னும் விரைந்து உலரும் சாயம் அமெரிக்காவில் மோட்டார் வண்டிகளுக்கு வந்தது. நம் பட்டறைகளில் இன்றும் வழங்கும் 'டூக்கோ' என்னும் சொல் அதன் பெயரே. ஒரே வண்டிக்கு இரு நிறங்கள் அடிப்பது அக்காலத்தில் நாகரிகமாயிற்று. ஒரு நிறத்தை அடிக்கையில் மற்றதை மறைக்கத் தொழிலாளர்கள் தாளைக் கோந்தாலும், மருத்துவர்களின் பிளாஸ்திரியாலும் ஒட்டினர். உரித்தபோது சாயமும் சேர்ந்து வந்தது. உப்புத்தாள் செய்யும் கம்பெனி ஒன்றில் (இன்று 3எம் எனப்படுவது) பணியாற்றிய ரிச்சர்ட் ட்ரூ என்னும் இளைஞர், தம் உப்புத்தாளைச் சோதிப்பதற்காகப் பட்டறைக்குச் சென்றவர், அவர்களுடைய வசைமொழியைக் கேட்டுத் திரும்பினார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முயன்று, தச்சர்களின் வச்சிரப் பசையோடு கிளிசரின் சேர்த்து, சுருக்கத் தாளின் மேல் தடவி, 1925இல் மாஸ்கிங் டேப்பை ஆக்கினார். உறுதியான பசைகளுக்கு அப்போதும் பஞ்சமில்லை. அளவோடு பற்றும் பசைக்கே இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

ஆயினும், நூலிழை போன்ற எழுத்துகளுக்கு டேப் உதவாது. ரப்பர்ப் பாலால் ஆன மறைப்புத் திரவம் ஒன்று உண்டென்றும், தூரிகையால் தடவினால் காய்ந்து தோலாகி உரிந்து வரும் என்றும் கூறினான். ஆனால் ஐம்பது ஆண்டு வயதான எனாமல் அந்த இழுப்பையும் தாங்குமோ என்று ஐயுற்றான். "இழுக்காமலே எடுக்கக்கூடிய ஒன்று வேண்டும்" என்றான். அப்போது நமக்கு ஒரு நினைவு எழுந்தது. இஸ்தான்பூலில் வாழ்ந்த நெஜ்மெத்தீன் ஒக்யாய் (1883–1976) என்னும் எழுத்துக்கலை வல்லுநர், வேலம் பிசினால் தாளில் எழுதி உலர்த்தி, பின்னர் நீரின் மேல் மிதக்கும் வண்ணக் கோலத்தில் அத்தாளைப் படியவைப்பார். பிசின் பட்ட இடம் வண்ணத்தை ஏற்காது. எழுத்து மட்டும் வெண்மையாய் நிற்கும். பிசின் தண்ணீரில் கரைவது. சாயம் கரைக்கும் தின்னரில் கரையாதது. நம் சீமையின் கருவேலம் பிசினும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. விளக்குக் கரியோடு அதைக் குழைத்து அத்தா மை கூட்டியதை நாம் பார்த்திருக்கிறோம்.

பீரோவின் பின்புறத்தில் பிள்ளை சோதித்துப் பார்த்தான். பிசின் காய்ந்ததும் கண்ணாடிபோல் வெடித்துப் போயிற்று. விரிசல்களில் சாயம் புகுந்தது. அத்தா தம் மையில் சில துளி தேன் சேர்ப்பார்கள் என்று நாம் நினைவூட்டினோம். ட்ரூ கிளிசரினால் சாதித்ததைத் தேன் இங்கே சாதித்தது. பிசின் நெகிழ்ந்து நின்றது. மறுநாள் ஈரத்துணியை வைத்து எடுத்தபோது, சாயத்தின் மேல்தோல் நழுவி விலகி, அடி சுத்தமாய் வெளிப்பட்டது.

பிறகு முன்புறம். துருவை உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் இட்டான். கைப்பிடியை டேப்பால் சுற்றினான். சாவித் துவாரத்தில் கிரீஸ் அப்பினான். கண்ணாடியைச் செய்தித்தாளால் மூடினான். மூடுமுன் தாள்களை ஒவ்வொன்றாய்ப் புரட்டி, ரமலான் மாதத்துச் சிறப்புப் பக்கம் ஒன்றை எடுத்து அப்பால் வைத்தான். நாம் கவனித்தோம், ஒன்றும் கூறவில்லை. எழுத்துகளின் மேல் பிசினைத் தடவ ஒரு முழுக் காலைப்பொழுது ஆயிற்று.

ஸ்பிரே அடிக்கும் முன்னர் அவன் தேங்காயெண்ணெய் எடுத்து, புறங்கைகளிலும் முழங்கை வரையிலும் தேய்த்துக்கொண்டான். காரணம் வினவினோம். "உளூவுக்காக, ஹஜ்ரத். உறுப்பில் தண்ணீர் படாமல் தடுக்கும் பொருள் இருந்தால் உளூ கூடாது என்று நீங்கள்தான் பாடம் நடத்தினீர்கள். முதல் ஆண்டு தினமும் தின்னர் போட்டுத் தேய்த்துக் கை புண்ணாகிவிட்டது. எண்ணெய் தடவினால் சாயம் தோலைப் பிடிக்காது. சோப்பு போட்டால் போய்விடும். உள்ளங்கையில் மட்டும் தடவமாட்டேன், எண்ணெய் பட்ட இடத்தில் சாயம் நிற்காது" என்றான்.

நாம் பேச்சற்று நின்றோம். எதுவும் ஒட்டாது என்று நாம் தீர்ப்பளித்த பிள்ளை, நாம் நடத்திய ஒரு பாடத்தைப் பத்து ஆண்டுகளாக நாள்தோறும் தன் தோலில் தடவிக்கொண்டிருந்திருக்கிறான். முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில், விட்டுச் செல்லும் பிள்ளைகளை இன்னும் இறுக்கிப் பிடிக்கவே நாம் முயன்றோம். பிடி தளர்ந்தால் குறையை அவர்கள் மேல் ஏற்றினோம். பிடியின் அளவு பிள்ளையின் வலுவைப் பொறுத்தது என்னும் கணக்கை நாம் போட்டுப் பார்த்ததில்லை. நம் இழுப்பில் உரிந்துபோன பிள்ளைகள் எத்தனை பேரோ, அல்லாஹ்வே அறிவான். அன்று அவன் தாயாரிடம் கூறிய சொல் தவறு என்று அவனிடம் சொன்னோம். அவன் தலைகுனிந்து, "அதை விடுங்கள், ஹஜ்ரத்" என்றான்.

மறுநாள் ஈரத்துணியால் பிசினை எடுத்தோம். புதிய பச்சையின் நடுவே அத்தாவின் வரி, 1974இல் கண்டது போலவே வெளிவந்தது. பே மட்டும் புள்ளியின்றி இருந்தது. பிள்ளை வெள்ளை எனாமலில் தூரிகையைத் தோய்த்து நம்மிடம் நீட்டினான். நம் கை நடுங்கிற்று. "நீயே வை, தம்பி" என்றோம். அவன் கிணற்றடிக்குப் போய்ச் சோப்பிட்டுக் கை கழுவி, உளூச் செய்து வந்து, முதலில் மீமின் வாலை முடித்து, பின் புள்ளியை வைத்தான்.

அந்தப் புள்ளி மற்ற எழுத்துகளைவிடச் சற்று வெண்மையாகத் தெரிகிறது. நிறத்தைப் பொருத்தி மங்கவைத்துத் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றோம். அல்ஹம்துலில்லாஹ், அது அப்படியே இருக்கிறது.