‘உங்க ஊரு நெட்டு சரியில்ல’ என்றார்கள், அளந்து பார்த்தோம்

ஆம்பூர் பக்கம் ஒரு காலனியில் ஒன்பது பெண்கள் சேர்ந்து தோல் பை, பர்ஸ், பெல்ட் செய்து விற்கிறார்கள். சிலர் ஷூ கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தவர்கள். சிலர் ஜோடிக்கு இவ்வளவு என்று வீட்டிலேயே அப்பர் தைத்துக் கொடுத்தவர்கள். இடையில் ஆள் இல்லாமல் நேரடியாக விற்க வேண்டும் என்று மூன்று வருடங்களுக்கு முன் குழுச் சேமிப்பிலிருந்து 28,000 ரூபாய் எடுத்து ஒரு இணையதளம் போட்டார்கள். வருடப் பராமரிப்புக்கு என்று தனியாக 6,000 ரூபாய்.

நாங்கள் அங்கே போனது பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க. அந்த வேலை முடிந்து டீ குடிக்கும்போதுதான் பேச்சு வந்தது.

“பை வாங்கறேன்னு சொல்றவங்களுக்கு லிங்க் அனுப்பினா அப்புறம் பேசறதே இல்ல தம்பி. தொறந்தா சுத்திகினே கீதாம்.”

தளம் செய்து கொடுத்தவரிடம் கேட்டீர்களா என்றோம். கேட்டிருக்கிறார்கள். “உங்க ஊரு நெட்டு சரியில்லம்மா. போனும் பழசு. எங்க ஆபீஸ்ல சூப்பரா ஓடுது” என்று பதில் வந்திருக்கிறது. அதை நம்பி இரண்டு அக்காக்கள் தவணையில் புதுப் போன் வாங்க விலை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

தோழர்களே, இந்தப் பதிலை நாம் எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறோம்! பிள்ளை படிக்கவில்லை என்றால் வீட்டுச் சூழல் சரியில்லை. கடன் கிடைக்கவில்லை என்றால் விண்ணப்பம் சரியில்லை. எங்கே கோளாறு என்று பார்ப்பதற்கு முன்பே கோளாறு நம்மிடம் இருக்கிறது என்று முடிவாகிவிடும். நாமும் தலையாட்டிவிட்டு வருவோம். 1919இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொல்லப் போன இளம் அம்பேத்கர் வெறும் முறையீட்டோடு போகவில்லை, எண்களோடு போனார். எங்களில் யாரும் கணினி படித்தவர்கள் இல்லை. ஆனால் அளந்து பார்க்கத் தெரியும்.

முதலில் அந்தக் காலனியிலேயே, அவர்கள் கையில் இருந்த மூன்று போன்களில், மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறந்தோம். பக்கம் முழுதாக வரும்வரை ஸ்டாப்வாட்ச் ஓடியது. சராசரி 19 விநாடி. அடுத்து அதே போனில், அதே திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பெரிய ஷாப்பிங் தளத்தைத் திறந்தோம். 4 விநாடி. நெட்டும் போனும்தான் காரணம் என்றால் இதுவும் அல்லவா சுற்ற வேண்டும்? சென்னையில் ஒரு தோழரை நல்ல வைஃபையில் திறக்கச் சொன்னோம். அங்கேயும் 8 விநாடி.

அப்படியானால் அவர் ஆபீஸில் மட்டும் எப்படி வேகம்? அவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஒரு தளத்தை அடிக்கடி திறக்கும் கணினியில் படங்களும் கோப்புகளும் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கும். முதல் தடவை வருகிறவர் படும் பாடு அவருக்குத் தெரியாது. அதனால்தான் சோதிக்கும்போது இன்காக்னிட்டோ விண்டோவில் திறக்க வேண்டும்.

பிறகு கூகுளின் இலவசக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்தோம். மொபைலுக்கு நூற்றுக்கு 14 மதிப்பெண். பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ கண்ணில் படுவதற்கு ஆகும் நேரத்தை எல்சிபி என்கிறார்கள். அது 2.5 விநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது கணக்கு. கணினியில் குரோமைத் திறந்து எஃப்12 அழுத்தினால் வரும் நெட்வொர்க் பகுதியில் எந்தக் கோப்பு எவ்வளவு கனம் என்று வரிசையாகத் தெரியும். முகப்புப் பக்கம் மட்டும் 31 எம்பி. தினம் 1 ஜிபி பேக் போட்டவர் இந்தப் பக்கத்தைப் புதிதாக முப்பத்துச் சொச்சம் தடவை திறந்தால் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும்.

கனம் எங்கே இருந்தது? மேலே ஓடும் ஸ்லைடரில் ஐந்து படங்கள், ஒவ்வொன்றும் 4 எம்பிக்கு மேல். 400 பிக்சல் அகலத்தில் காட்டப்படும் பைக்கு, கேமராவில் எடுத்த 4000 பிக்சல் படம் அப்படியே ஏற்றப்பட்டிருந்தது. பிளகின்கள் 23. யாரும் தொடாத ஒரு மேப். நான்கு வகை எழுத்துரு. சர்வர் அமெரிக்காவில் இருந்தது. அங்கிருந்து முதல் பைட் வரவே 2.8 விநாடி. அதில் ஓடிய பிஎச்பி 7.2, 2020 நவம்பரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பதிப்பு. இந்தக் கோலத்துக்குத்தான் வருடம் 6,000 ரூபாய் பராமரிப்பு.

ஸ்லைடரில் ஓடிய ஐந்து படங்களில் ஒன்றில்கூட இவர்கள் தைத்த பை இல்லை. ஐந்தும் வெளிநாட்டுப் பெண்கள் வேறு யாரோ செய்த பையோடு நிற்கும் படங்கள். அதைச் சுமந்துகொண்டுதான் பக்கம் நகர முடியாமல் கிடந்தது.

சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தால் கையில் சாவி இல்லை. குழுவிடம் இருந்தது ஆர்டர் பார்க்கும் லாகின் மட்டும். ஹோஸ்டிங் கணக்கும் டொமைனும் அவர் மின்னஞ்சலில், அவர் பெயரில் இருந்தன. கேட்டபோது, “பாஸ்வேர்ட் உங்களுக்கு எதுக்கு? எதையாவது தொட்டு கெடுத்துடுவீங்க” என்றார். தோலைத் தடவிப் பார்த்தே இது எந்தப் பதம், எங்கே கிழியும் என்று சொல்லக்கூடியவர்களிடம் சொன்னார் இதை.

அங்கே சத்தம் போடவில்லை. மூன்று வருட ரசீதுகளின் நகலை வைத்து, குழுவின் தலைவியும் செயலாளரும் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினோம். டொமைனின் பதிவுப் பெயரைக் குழுவுக்கு மாற்ற வேண்டும், வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகத் தேவையான அங்கீகாரக் குறியீட்டைத் தர வேண்டும், ஹோஸ்டிங் லாகின் வேண்டும். மூன்றே கோரிக்கை. பதினோராம் நாள் எல்லாம் வந்தது.

அதன் பிறகு செய்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. முதலில் முழுத் தளத்துக்கும் பேக்கப் எடுத்தோம். பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மூன்று தடவை அளப்பது என்று வைத்துக்கொண்டோம். பத்தை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

படங்களை ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவியில் சிறிதாக்கி வெப்பி வடிவத்துக்கு மாற்றினோம். 4.6 எம்பி படம் 70 கேபி ஆனது. பெருமையாகக் காட்டினோம். ஒரு அக்கா போனைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, “தையலே தெரியலியேப்பா. தையல் தெரியாம எவன் வாங்குவான்?” என்றார். உண்மைதான். அளவாகச் சுருக்குவது எங்களுக்குத் தெரிந்தது, எதைச் சுருக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பைகளின் படத்துக்கு மட்டும் தரத்தைக் கூட்டி 150 கேபியில் நிறுத்தினோம். திரையில் முதலில் தெரியும் படம் உடனே வரவேண்டும், கீழே இருப்பவை ஸ்க்ரோல் செய்யும்போது வந்தால் போதும் என்று அமைத்தோம்.

பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்ததில் 9 போதும் என்று தெரிந்தது. மேப்புக்குப் பதில் ஒரு லிங்க். ஆண்ட்ராய்டு போனிலேயே தமிழ் எழுத்துரு இருப்பதால் தனி எழுத்துருக்களை எடுத்துவிட்டோம். சர்வரை மும்பைக்கு மாற்றி, பிஎச்பியைப் புதுப்பித்து, கேஷ் போட்டோம்.

இங்கே நாங்களும் ஒரு தப்பு செய்தோம். எல்லாப் பக்கத்தையும் கேஷ் செய்யும்படி விதி எழுதிவிட்டோம். சோதிக்கும்போது ஒரு அக்கா கூடையில் போட்ட பை இன்னொரு அக்காவின் போனில் தெரிந்தது. வாடிக்கையாளர் முகவரி அப்படித் தெரிந்திருந்தால் என்ன ஆகும்? கூடை, பணம் கட்டும் பக்கம், கணக்குப் பக்கம் மூன்றையும் உடனே விலக்கினோம். கடைத்தளம் வைத்திருப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

ஸ்லைடர் இருந்த இடத்தில் ஒரே ஒரு படம் வைக்கலாம் என்று முடிவானபோதுதான் உண்மையான விவாதம் வந்தது. உங்கள் படத்தையே வைக்கலாமே, ஊர்ப் பெயரோடு, என்றோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் சொன்னார்: “தோலு வேலைன்னு போட்டு, காலனி பேரையும் போட்டா அப்புறம் கேக்கறதுக்கு இன்னா கீது? வாங்கறவன் வாங்காமப் போயிடுவான்.” இன்னொருவருக்குக் கோபம் வந்தது: “தெரியட்டுமே. திருடியா விக்கறோம்?” நான்கு பேர் முகம் வைக்கலாம் என்றார்கள், ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பயத்தின் விலையைக் கட்டப்போகிறவர்கள் அவர்கள். கடைசியில் ஊசியும் நூலும் பிடித்த இரண்டு கைகளின் படம் போனது. அடுத்த வருடம் மறுபடி பேசுவோம் என்று கூட்டக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போது முகப்புப் பக்கம் 1.1 எம்பி. மதிப்பெண் 81. அதே திண்ணையில், அதே மூன்று போன்களில், 3 விநாடிக்குக் கொஞ்சம் மேல். ஆர்டர்கள் மளமளவென்று கொட்டவில்லை. மாதம் ஏழெட்டு வந்த இடத்தில் பதினைந்து வருகிறது. வேகம் மட்டும் பையை விற்காது. ஆனால் வாங்க வந்தவர் வாசலிலேயே திரும்பிப் போவது நின்றிருக்கிறது. போன் வாங்க வைத்திருந்த பணத்தில் தோல் வாங்கினார்கள்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு குழுவோ சின்னக் கடையோ இருக்கும். போனால் முதலில் அவர்கள் போனில், அவர்கள் இடத்தில் வைத்து அளந்து பாருங்கள். ஒப்பிட இன்னொரு தளத்தையும் அதே போனில் திறந்து பாருங்கள். டொமைன் யார் பெயரில் இருக்கிறது, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று கேளுங்கள். செய்வதை எல்லாம் அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து செய்யுங்கள். இல்லாவிட்டால் பழைய ஆளின் நாற்காலியில் நாம் உட்கார்ந்தது போல ஆகிவிடும்.

அந்தக் குழுவில் பொருளாளர் அக்காவின் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பேங்க் பாஸ்புக், தீர்மான நோட்டு, ரசீது எல்லாம் அதில்தான். இப்போது அதில் ஒரு உறையும் இருக்கிறது. உள்ளே பாஸ்வேர்டுகள். கிளம்பும்போது எங்களுக்கும் ஒரு நகல் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஜெய்பீம்.