பொத்திப் பொத்தி ஓட்டிய வண்டி

சூலூர் கலங்கல் ரோட்டில் என் வீடு. அங்கிருந்து நான் கணக்கெழுதும் நூல் மில்லுக்கு மூன்று கிலோமீட்டர்கூட வராது. அந்தத் தூரத்துக்கு டீசல் கார் வாங்கினேன். அதுவும் கணக்குப் போட்டு வாங்கினேன் என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். டீசல் லிட்டருக்குப் பத்து ரூபாய்க்குள் குறைச்சல், மைலேஜும் கூட. இரண்டையும் சேர்த்து வெள்ளைத்தாளில் பெருக்கிப் பார்த்துப் பூரித்துப்போனேன். பெட்ரோல் வண்டியைவிட ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறோமே, ஓட்டாத வண்டியில் அதை எப்படித் திரும்ப எடுப்பது என்ற வரி மட்டும் அந்தத் தாளில் இல்லை. சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் பெரியப்பா மகனும், "டீசல் இஞ்சினுக்குச் சாவே கெடையாதப்பா" என்று சொல்லியிருந்தான். அவன் லாரி நாக்பூர் போய் வருவது.

வாங்கியதிலிருந்து பொத்திப் பொத்தித்தான் ஓட்டினேன். திருச்சி ரோட்டில்கூட நாற்பதைத் தாண்ட மாட்டேன். காலையில் மில், மத்தியானம் சாப்பாட்டுக்கு வீடு, மறுபடி மில், சாயங்காலம் காய்கறி வாங்கப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம். கோயமுத்தூர் போவதென்றால் பஸ்தான். சிங்காநல்லூர் நெரிசலில் யாராவது உரசிவிட்டால்? வண்டியை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பதற்குச் சாட்சியாக, மீட்டரில் ஓடியிருந்த குறைந்த கிலோமீட்டரை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

வண்டி தன்னால் ஆன மட்டும் சொல்லிப் பார்த்தது. வாசலில் அணைத்த பிறகும் ஃபேன் நிற்காமல் சுற்றும். கருகின வாசம் வரும். "டயர் ஏதாச்சும் எரியுதா பாருங்க" என்பாள் மனைவி. சும்மா நிற்கும்போது எண்ணூறில் இருக்க வேண்டிய ஆர்பிஎம் முள் சில நாள் ஆயிரத்தில் நிற்கும். எல்லாவற்றுக்கும் வெயில்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பானெட்டைத் திறந்து ஆயில் பார்ப்பது என் வழக்கம். ஆயில் குறையவேயில்லை; கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். சொட்டு ஆயில் குடிக்காத இஞ்சின் என்று அதற்கும் ஒரு பெருமை.

பிறகு மீட்டர் பலகையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. சின்னக் குழாய், நடுவில் புள்ளிகள். வண்டிதான் ஓடுகிறதே, அடுத்த சர்வீஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அவிநாசியில் ஒரு சீருக்குக் குடும்பத்தோடு கிளம்பிய அன்றைக்கு இன்னொரு விளக்கும் சேர்ந்துகொண்டது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. பட்டுப்புடவையோடு அவர்களை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

சர்வீஸ் சென்டரில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கம்ப்யூட்டரை மாட்டுவதற்கு முன்னால் ஆயில் ஸ்டிக்கை உருவினான். கழிவுப் பஞ்சில் துடைத்தான். திரும்ப விட்டு, நிதானமாக உருவினான். மேல்கோட்டைத் தாண்டி விரற்கடை அளவு ஈரம். ஒன்றும் பேசாமல் அதை என் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"மோந்து பாருங்ணா."

டீசல்.

"வண்டிய ரொம்பப் பதமா ஓட்டுவீங்களாங்ணா?"

"ஆமா தம்பி" என்றேன். அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும்.

அவன் சொல்லச் சொல்ல விளங்கியது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசலில் கந்தகத்தை 50 பிபிஎம்மிலிருந்து 10 ஆக்கினார்கள். கூடவே டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டியும் வந்தது. பீங்கானில் நுண்ணிய குழல்கள். ஒன்றுவிட்டு ஒன்று முனை அடைத்திருக்கும். புகை சுவரைக் கசிந்துதான் வெளியேற வேண்டும், கரி உள்ளேயே தங்கும். தங்கின கரி எரிந்தாக வேண்டும். ஹைவேயில் நெடுந்தூரம் போனால் புகைச் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துவிடும். போகாவிட்டால் கம்ப்யூட்டரே கூடுதலாக டீசல் பீய்ச்சி, வடிகட்டியை 600 டிகிரிக்குக் கொண்டுபோய் எரிக்கப் பார்க்கும். அதற்குக் கால் மணி நேரமாவது விடாமல் ஓட வேண்டும். எனக்கு அதற்குள் வீடு வந்துவிடும், சாவியைத் திருப்பிவிடுவேன். அந்த ஃபேனும் கருகின வாசமும் அதுதான். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலந்தது. ஆயில் குடிக்காத இஞ்சின்!

மில்லில் ஃபில்டரில் பஞ்சு அடைத்துக் கரண்டு பில் ஏறினால் ஃபிட்டரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறவன் நான்.

கம்ப்யூட்டரை மாட்டி நின்ற இடத்திலேயே எரிக்கப் பார்த்தார்கள். கரி அளவு மீறிவிட்டதால் அது சம்மதிக்கவில்லை. புது வடிகட்டி, ஆயில், கூலி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம். ஓட்டிய விதத்தால் வந்த கோளாறு, வாரண்டியில் வராது என்றார்கள். வெளியே ஒரு பட்டறையில், "உள்ள இருக்கறத ஒடச்சு எடுத்துட்டு, கம்ப்யூட்டரையும் மாத்தி உட்றலாங்ணா" என்று ஆசை காட்டினார்கள். சட்டப்படி தப்பு என்று தெரியும். இருந்தும் அரை நாள் யோசித்தேன். என்னைத் தடுத்தது மனசாட்சி என்று சொன்னால் பொய். மிச்ச வாரண்டியும் இன்சூரன்ஸும் போய்விடுமே என்ற பயம்தான்.

மனைவி சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் அதில் போயிற்று. "என்ற வளையலக் காருக்குப் போட்டுட்டீங்க" என்றாள். இன்றைக்கும் விருந்தாளி வந்தால் காரைக் காட்டி அதையே சொல்கிறாள்.

வண்டியோடு கொடுத்த புத்தகத்தை அப்புறம்தான் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்தேன். அந்த விளக்குக்குத் தனிப் பக்கமே இருந்தது: எரிந்தால் அறுபதுக்கு மேல், விளக்கு அணையும்வரை ஓட்டு. இப்போது மில்லுக்கு மொபெட். ஞாயிறு காலையில் கருமத்தம்பட்டி போய்ச் சேலம் ரோட்டைப் பிடித்து, செங்கப்பள்ளி வரை எண்பதில் விரட்டிவிட்டுத் திரும்புகிறேன். அந்தப் பக்கம் கணியூர் டோலும் வராது, இந்தப் பக்கம் விஜயமங்கலம் டோலும் வராது. கணக்கன் புத்தி போகுமா?

போன மாதம் அன்னூரிலிருந்து தங்கை வீட்டு மாப்பிள்ளை போன் செய்தார். பழைய டீசல் கார் ஒன்று மலிவாக வருகிறதாம், பி.எஸ். சிக்ஸ்தானாம். தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்று கேட்டேன்.

"தோட்டத்துக்கும் வீட்டுக்குந்தானுங்க மச்சான், நாலு கிலோமீட்டர் இருக்கும். அத உடுங்க, மைலேஜ் எவ்வளவு குடுக்குமுங்க?"