மொட்டை மாடியில் பனியுகம்

பல்லாவரம், ஞாயிறு சாயங்காலம். மொட்டை மாடியில் ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானம் தலைக்கு மேல் போகும்போது பேச்சு பாதி வாக்கியத்தில் நிற்கிறது. போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்கிறது. வாசகர் வட்டத்தில் இந்த மாதம் கற்காலக் கதைகள். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்த ஊர் இது. இந்தியப் பழங்கற்கால ஆய்வு இங்கே ஒரு சரளைக் குழியில்தான் தொடங்கியது. கூட்டத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. தண்ணீர் லாரி வந்ததா என்றுதான் விசாரித்துக்கொண்டார்கள்.

பெரியவர் முதலில் ஆரம்பிப்பது வழக்கம் போலிருக்கிறது. தொழிற்சங்கத்தில் இருந்தவர் என்று குரலே சொல்கிறது. மடியில் அட்டை கிழிந்து டேப் ஒட்டிய 'வால்காவிலிருந்து கங்கை வரை'. ராகுல சாங்கிருத்யாயன் ஹசாரிபாக் சிறையில் எழுதியது, கண. முத்தையா தமிழில் கொடுத்தது, கி.மு. 6000 முதல் 1942 வரை இருபது கதைகள் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு முதல் கதைக்கு வந்தார். வால்கா கரை, பனி, குகை, தாயே தலைவியாக இருக்கும் குடும்பம். வளர்ந்து வரும் மகள் லேகாவைக் கண்டு தாய் நிஷாவுக்குப் பயம். கடைசியில் இருவரும் ஆற்றோடு போகிறார்கள்.

"தாய்வழிச் சமூகத்துல அதிகாரம் கை மாறுறதை இதைவிடச் சுருக்கமா எழுத முடியாதும்மா" என்றார்.

"நான் நம்பலை ஐயா." எதிரே இருந்த அம்மாள் மஸ்கட்டில் நர்ஸாக இருந்து திரும்பியவர். "முப்பது வருஷம் பிரசவ வார்டுல இருந்திருக்கேன். அம்மாவும் பொண்ணும் சண்டை போட்டுப் பார்த்திருக்கேன். இந்த மாதிரி இல்லை."

"அது வேற காலம்மா."

"வலி அதேதானே ஐயா?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் இல்லை, பதில் தேடுகிறார். கோட்பாட்டுக்காகப் பாத்திரங்களைப் படைத்த புத்தகத்தைக் கோட்பாடு அறியாத ஒருவர் படிப்பது நல்லது என்றுதான் எனக்குத் தோன்றியது. வாய் திறக்கவில்லை.

கல்லூரிப் பையன் புகுந்தான். கைபேசியிலேயே படிக்கிறவன். ஜீன் ஔலின் 'குகைக்கரடிக் குலம்'. நிலநடுக்கத்தில் அநாதையான நம் இனத்துச் சிறுமி அய்லாவை நியாண்டர்தால் கூட்டம் வளர்க்கிறது. அவளுக்கு அந்தக் கூட்டத்து ஆண் ஒருவனால் கலப்பினக் குழந்தை, துர்க். "அக்கா, இவங்க எழுதினது 1980. ரெண்டு இனமும் கலந்ததுக்கு மரபணு ஆதாரம் வெளிவந்தது 2010-ல. அதுக்கு நோபல் பரிசே கொடுத்தாங்க. ஆனா அவங்களைச் சைகையில பேச வச்சது தப்பாயிருக்கலாம். நாக்குக்கு அடியில இருக்கிற எலும்பு ஒண்ணு கெபாரா குகையில கிடைச்சிருக்கு, நம்முது மாதிரியே."

நர்ஸம்மாவுக்கு எலும்பில் அக்கறை இல்லை. "அந்தப் பிள்ளையை விட்டுட்டுப் போகச் சொன்னாங்களே, அதைச் சொல்லு." ஆறு புத்தகங்களையும் ஹாஸ்டலில் கை மாற்றிப் படித்திருக்கிறார். கடைசிப் பாகம் 2011-ல் வந்தது. "அம்மா பிள்ளையைத் திரும்பப் பார்க்கவே இல்லை. எத்தனை பக்கம் செடி கொடி பத்தி எழுதுறாங்க, நாலு பக்கம் இதுக்குக் கொடுக்கக் கூடாதா?" பெரியவர் இதற்குத் தலையசைத்தார். நிஷாவைப் பற்றி அப்புறம் அவர் பேசவில்லை.

வீட்டுக்கார அக்கா டீயோடு வந்தபோது ஒருவர் ரோனியின் பிரெஞ்சு நாவலைச் சொல்லிக்கொண்டிருந்தார். 1911-ல் புத்தகமாக வந்தது. கூண்டுகளில் வைத்துக் காத்த நெருப்பைச் சண்டையில் பறிகொடுத்த கூட்டம். மூட்டத் தெரியாது, தேடித்தான் கொண்டுவர வேண்டும்.

"எங்க ஆயா ராத்திரி தணலைச் சாம்பல் போட்டு மூடி வைப்பாங்க. அணைஞ்சுட்டா பக்கத்து வீட்டுல வறட்டியில வாங்கிட்டு வருவோம். விளக்கு வச்சப்புறம் கேட்டா தரமாட்டாங்க" என்றபடி டம்ளர்களை நீட்டினார். புத்தகத்தைப் படிக்காதவர் அவர். அதன் முடிச்சை அவர்தான் பிடித்தார்.

ஓரத்தில் காக்கிச் சட்டையோடு ஆட்டோ ஓட்டுநர். படிப்பதில்லை, கேட்க வருகிறார். திரிசூலம் குவாரியில் அவருடைய அப்பா கல் உடைத்தவராம்.

"தம்பி, கல்லுல கத்தி செய்வாங்கன்னு போன தடவை சொன்னியே, எப்படிச் செய்யுறாங்க?"

பையன் விரலால் திரையைத் தள்ளித் தேடினான். 'குகைக்கரடிக் குல'த்தில் துரூக் என்ற கருவி செய்பவன். சக்கிமுக்கிக் கல்லின் வெள்ளைத் தோலை முதலில் சீவி, உள்ளே எப்படியிருக்கிறது என்று பார்க்கிறான். மடியில் தோல் விரித்துக்கொள்கிறான். பெரிய சில்லுகளுக்குக் கல், ஓரம் சரிசெய்ய எலும்பு.

ஆட்டோக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "எழுதினவங்க கல்லைத் தொட்டிருக்காங்க."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"உள்ள பார்க்காம முதல் அடி வைக்கமாட்டான் தொழில் தெரிஞ்சவன். கல்லு எந்தப் பக்கம் விடும்னு கல்லுதான் சொல்லணும். சினிமாவுல ரெண்டு கல்லை எடுத்து டமால்னு அடிப்பான். அது ஜல்லிக்குத்தான் ஆகும்."

பையன் மறுபடி தேடினான். ஜீன் ஔல் எழுதுவதற்காகக் கல் சீவக் கற்றுக்கொண்டதும் பனிக்குகை அமைக்கப் பழகியதும் திரையில் இருந்தன. உரக்கப் படித்தான். ஆட்டோக்காரர் ஆச்சரியப்படவில்லை. அதுவரை நான் கேட்டதிலேயே நறுக்கான விமர்சனம் அவருடையதுதான்.

"சரி, கண்ணுல சில்லு தெறிக்குமே, அது வருதா?"

"படிச்ச ஞாபகம் இல்லைண்ணே."

"எங்கப்பாவுக்கு இடது கண்ணு அப்படித்தான் போச்சு. இந்தப் புத்தகத்துலயும் யாருக்காவது போயிருக்கணுமே. நல்லாத் தேடிப் பாரு."

பையன் தேட ஆரம்பித்தான்.