ஆறு பென்ஸுக்காக 67 ராத்திரி... லண்டன் தியேட்டரை அதிரவைத்த ரசிகர்கள்!

1809-ம் ஆண்டு, செப்டம்பர் 18. லண்டன் கோவென்ட் கார்டனில் புத்தம்புது தியேட்டர். பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை. மேடையில் ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்'. நாயகன், ஜான் பிலிப் கெம்பிள். நாயகி, அவருடைய அக்கா சாரா சிடன்ஸ். இங்கிலாந்தில் அன்றைய தேதிக்கு இவர்களைவிடப் பெரிய ஸ்டார்கள் கிடையாது.

கெம்பிளின் வாய் அசைகிறது, கை உயர்கிறது. ஆனால், ஒரு வார்த்தைகூட யார் காதிலும் விழவில்லை. காரணம், டிக்கெட் வாங்கி உள்ளே வந்த கூட்டம் விசிலடிக்கிறது, ஊளையிடுகிறது, தரையை உதைக்கிறது. பலர் தொப்பியைக் கழற்றாமல், மேடைக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். கத்தலின் சாரம் ஒன்றுதான். பழைய விலை வேண்டும்!

அன்று ஆரம்பித்த சத்தம் அடங்க 67 ராத்திரிகள் ஆயின.

டிக்கெட் விலைக்காக இப்படியா என்று இன்று தோன்றலாம். அந்தக் கோபம் புரிய வேண்டுமென்றால், அந்தக் காலத்து தியேட்டருக்குள் ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும்.

'ஜார்ஜிய காலம்' என்றதும் ரஷ்யாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜார்ஜியா நாட்டைத் தேட வேண்டாம். 1714 முதல் 1830 வரை இங்கிலாந்தை வரிசையாக நான்கு ஜார்ஜ் மன்னர்கள் ஆண்டார்கள். அதனால் வந்த பெயர் அது. சினிமா இல்லை, ரேடியோ இல்லை. ராத்திரியானால் லண்டன்வாசிக்கு மதுக்கடை, சீட்டாட்டம், இல்லையென்றால் தியேட்டர். அந்த தியேட்டரும் நினைத்த இடத்தில் கிடைக்காது. 1737-ல் வந்த ஒரு சட்டத்தால், லண்டனில் வசனம் பேசி நாடகம் போடும் உரிமை ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் என்ற இரண்டு தியேட்டர்களுக்கு மட்டும்தான். கோடைக்காலத்தில் மட்டும் ஹேமார்க்கெட் என்ற மூன்றாவது தியேட்டருக்கு அனுமதி உண்டு. மற்ற அரங்குகள் பாட்டு, ஆட்டம், ஊமைக்கூத்து, குதிரை வித்தை என்று ஒப்பேற்ற வேண்டியதுதான். இந்த ஏகபோக விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

ஒரு வக்கீல் அலுவலகத்தின் குமாஸ்தாவை வைத்துக்கொள்வோம். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் தியேட்டர் வாசலில் நிற்கிறார். ஆறரைக்குத்தான் திரை தூக்குவார்கள். ஆனால் ஸீட் நம்பரெல்லாம் கிடையாதே! கதவு திறந்ததும் யார் முந்துகிறார்களோ அவர்களுக்கே இடம். பணக்காரர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. முன்கூட்டியே வேலைக்காரனை அனுப்பி, பாக்ஸில் உட்கார வைத்துவிடுவார்கள். முதலாளி சாவகாசமாக வந்ததும் அவன் எழுந்து போய்விடுவான். குமாஸ்தாவுக்கு அவருடைய முழங்கைதான் துணை. இதில் விளையாட்டு மட்டும் இல்லை, ஆபத்தும் இருந்தது. 1794 பிப்ரவரி 3 அன்று, மன்னர் நாடகம் பார்க்க வருகிறார் என்று ஹேமார்க்கெட் தியேட்டரில் கூட்டம் நெருக்கியடித்தது. கதவு திறந்த வேகத்தில் படிக்கட்டில் சறுக்கியவர்கள்மீது பின்னால் வந்தவர்கள் விழ, 15 பேர் மிதிபட்டு இறந்துபோனார்கள்.

உள்ளே போனால் மூன்று உலகம். மேடைக்கு எதிரே கீழ்த்தளம், 'பிட்'. சாய்மானம் இல்லாத பெஞ்சுகள். வக்கீல்கள், வியாபாரிகள், பத்திரிகைக்காரர்கள், குமாஸ்தாக்கள் எல்லாம் இங்கேதான். நாடகத்தைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் இவர்கள் கையில். சுற்றிலும் அடுக்கடுக்காக பாக்ஸ்கள், பிரபுக்களுக்கும் பணக்காரர்களுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, கூரையை ஒட்டி கேலரி. வேலைக்காரர்கள், தொழில் பழகும் பையன்கள், மாலுமிகள். நாடகம் பிடிக்கவில்லையென்றால் அங்கிருந்து ஆரஞ்சுப் பழத் தோல் பறந்து வரும். ஆரஞ்சை விற்பதும் தியேட்டருக்குள்ளேயேதான்!

இன்றைக்குப் போல விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்காரும் பழக்கமும் இல்லை. மேடையில் எரிவதுபோலவே பார்வையாளர் பக்கமும் மெழுகுவத்திகளும் எண்ணெய் விளக்குகளும் கடைசிவரை எரியும். எனவே எல்லோரும் எல்லோரையும் பார்க்கலாம். யார் யாரோடு வந்திருக்கிறார், யார் கழுத்தில் புது நகை, எந்த அமைச்சர் தூங்கி வழிகிறார் என்று பாதிப் பேருக்கு நாடகமே அதுதான்.

ஐந்து அங்க நாடகம். நடுநடுவே பாட்டு, டான்ஸ். முடிந்ததும் ஒரு குட்டி நகைச்சுவை நாடகமோ பான்டோமைமோ. கலைந்து வீட்டுக்குக் கிளம்பும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். பிடித்த பாட்டுக்கு 'ஒன்ஸ் மோர்' கேட்பார்கள். சாரா சிடன்ஸ் அழுதால் பெண்கள் மயங்கி விழுவார்கள். பிடிக்காவிட்டால் மேனேஜரை மேடைக்குக் கூப்பிடுவார்கள். அவர் வந்து குனிந்து வணங்கி விளக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1800 மே 15 அன்று ட்ரூரி லேனில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தன் பாக்ஸுக்குள் நுழைந்ததும், பிட்டிலிருந்து ஜேம்ஸ் ஹாட்ஃபீல்டு என்ற முன்னாள் சிப்பாய் துப்பாக்கியால் சுட்டார். குறி தவறியது. அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். கூட்டம் ராஜ வாழ்த்துப் பாடியது. பிறகு? நாடகம் நடந்தது. மன்னரும் உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நம் குமாஸ்தாவுக்கு ரொம்ப முக்கியமான ஒரு விஷயம், அரை டிக்கெட். குழந்தைகளுக்கான அரை டிக்கெட் அல்ல. மூன்றாம் அங்கம் முடிந்த பிறகு வருகிறவர்களுக்குப் பாதி விலை. கடையை அடைத்துவிட்டு, கணக்கை முடித்துவிட்டு, ராத்திரி எட்டு, எட்டரைக்கு வருகிறவர்களுக்கு அதுதான் வழி. 1763-ல் ட்ரூரி லேனை நடத்திவந்த டேவிட் கேரிக் என்ற மாபெரும் நடிகர் இந்தச் சலுகையை நிறுத்திப் பார்த்தார். பெஞ்சுகளைப் பிடுங்கினார்கள், தொங்குவிளக்குகளை உடைத்தார்கள். கேரிக் பணிந்தார்.

அந்தப் பாடம் கெம்பிளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவருடைய நிலைமை அப்படி. 1808 செப்டம்பர் 20 அதிகாலையில் பழைய கோவென்ட் கார்டன் தியேட்டர் தீப்பிடித்து முழுசாக எரிந்துபோனது. அணைக்கப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இசைமேதை ஹேண்டலின் ஆர்கன், உடைகள், திரைச்சீலைகள், சாரா சிடன்ஸ் பல வருடங்களாகச் சேர்த்துவைத்த மேடை நகைகள், துணிமணிகள் எல்லாம் சாம்பல். நாடோடி நாடகக் குழுவில் பிறந்து வளர்ந்து, சம்பாதித்த பணத்தை அந்த தியேட்டரில் பங்காகப் போட்டிருந்தவர் கெம்பிள். காப்பீட்டுப் பணம் நஷ்டத்தில் ஒரு பகுதிக்குத்தான் வந்தது.

ஐந்தே மாதத்தில், 1809 பிப்ரவரி 24 அன்று, ட்ரூரி லேனும் எரிந்தது. அதன் உரிமையாளர், நாடக ஆசிரியரும் எம்.பி-யுமான ஷெரிடன், எதிரே காபி கிளப்பில் உட்கார்ந்து ஒயின் குடித்தபடி அந்தத் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும், கேட்டவரிடம், தன் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடிக்கக் கூடாதா என்று சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு.

ஆக, உரிமை பெற்ற இரண்டு தியேட்டர்களில் ஒன்று சாம்பல். இன்னொன்று கடன் வாங்கிப் புதிதாக எழும்பியிருக்கிறது. கட்டியவர் விலையை ஏற்றினார். பாக்ஸ் 6 ஷில்லிங்கிலிருந்து 7. பிட் மூன்றரையிலிருந்து 4. பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங். அப்படியானால் பிட்டில் ஏறியது வெறும் ஆறு பென்ஸ். கேலரி விலையும், பிட்டின் அரை டிக்கெட்டும் ஏறவே இல்லை.

அப்புறம் ஏன் இவ்வளவு கொந்தளிப்பு? விலையோடு கட்டடமும் மாறியிருந்ததுதான் விஷயம். பொதுமக்கள் உட்கார்ந்திருந்த ஒரு தளம் முழுவதையும் தனி பாக்ஸ்களாக்கி, பின்னால் ஓய்வறைகளும் வைத்து, பணக்காரர்களுக்கு வருட வாடகைக்கு விட்டிருந்தார்கள். மேல் கேலரியோ வளைவு வளைவான பொந்துகளாகச் சுருங்கிப்போனது. அங்கே உட்கார்ந்தால் நடிகரின் கால் மட்டும் தெரியும். 'புறாக்கூண்டு' என்று பெயர் வைத்தார்கள். வேறு தியேட்டருக்குப் போகலாம் என்றால் சட்டம் வேறு விடாது. பிடிக்காவிட்டால் வராதே என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க முடியாது. வேறு வழி அதிகம் இல்லை.

முதல் ராத்திரியே மாஜிஸ்திரேட்டுகள் மேடையேறி, கலகத் தடுப்புச் சட்டத்தை வாசித்தார்கள். அதுவும் யார் காதிலும் விழவில்லை! கூட்டம் ராஜ வாழ்த்தைப் பாடியது. தேசபக்தர்களை எப்படிக் கைது செய்வது?

சில நாள்களில் கெம்பிள் தியேட்டரை மூடிவிட்டு, கணக்கைப் பார்க்க ஒரு கமிட்டி போட்டார். லண்டன் ரெக்கார்டர் எனப்படும் நகர நீதிபதி, பேங்க் ஆஃப் இங்கிலாந்து கவர்னர் எல்லாம் அதில் இருந்தார்கள். லாபம் 6 சதவிகிதத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான் என்றது அறிக்கை. யாரும் நம்பவில்லை. அக்டோபரில் கதவு திறந்ததும் சத்தமும் திரும்பியது. இந்த முறை தயாரிப்போடு வந்தார்கள். மணி, கொம்பு, ஊதல், கிலுகிலுப்பை. உள்ளே புறாக்களைப் பறக்கவிட்டார்கள். 'பழைய விலை' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான 'ஓ.பி.' தொப்பியில், கைக்குட்டையில், விசிறியில், பதக்கத்தில் ஏறியது. 'ஓ... பி...' என்று கத்தியபடி தரையை உதைக்கும் ஓ.பி. டான்ஸ் தனியாகப் பிறந்தது. பல ராத்திரிகளில் முதல் மூன்று அங்கம் ஓரளவு அமைதியாகவே போகும். அரை டிக்கெட்காரர்கள் வந்ததும்தான் அசல் கச்சேரி ஆரம்பம்.

இதில் கவனிக்க வேண்டியது, 1763 போல அடித்து நொறுக்கவில்லை. பெரும்பாலும் சத்தம்தான் ஆயுதம். அதற்காக இவர்களை உத்தமர்கள் ஆக்கிவிடவும் வேண்டாம். பெரிய சம்பளத்துக்கு ஒப்பந்தமான இத்தாலியப் பாடகி கேட்டலானியை 'வெளிநாட்டுக்காரி' என்று ஏசியதில், அவர் ஒப்பந்தத்தையே விட்டுவிட்டார். கூட்டத்தை அடக்க கெம்பிள் தரப்பு டேனியல் மெண்டோசா என்ற புகழ்பெற்ற யூதக் குத்துச்சண்டை வீரரையும் ஆட்களையும் இறக்கியபோது, கோபம் யூதர்கள்மீதே விஷமாகத் திரும்பியது. அடியாள் வைத்த கெம்பிளின் புத்தியும் கெட்ட புத்திதான். அதுவரை வேடிக்கை பார்த்தவர்களும் அதற்குப் பிறகு எதிர்ப் பக்கம் சேர்ந்தார்கள்.

முடிவு கோர்ட்டிலிருந்து வந்தது. தொப்பியில் 'ஓ.பி.' செருகியிருந்ததற்காக ஹென்றி கிளிஃபோர்டு என்ற வக்கீலைப் பிடித்துக் கொடுத்தார் பிராண்டன் என்ற தியேட்டர் ஊழியர். பிடித்தது வக்கீலையா? கிளிஃபோர்டு வழக்குப் போட்டார். டிசம்பர் 5 அன்று ஜூரி அவர் பக்கம் தீர்ப்பு சொல்லி, 5 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. பணம் சின்னதுதான். ஆனால், போராடியவர்கள் குற்றவாளிகள் இல்லை என்று ஆகிவிட்டது.

டிசம்பர் 14, ஸ்ட்ராண்டு சாலையில் ஒரு விடுதி. ஓ.பி. கூட்டத்தின் விருந்துக்கு கெம்பிளே வந்தார். பேசி முடித்தார்கள். பிட் பழையபடி மூன்றரை ஷில்லிங். பாக்ஸ் 7 ஷில்லிங்கே இருக்கட்டும். தனி பாக்ஸ்களைக் குறைக்க வேண்டும். இரு பக்கமும் வழக்குகளை வாபஸ் வாங்க வேண்டும். மறுநாள் மேடையில் கெம்பிள் மன்னிப்புக் கேட்டார். பிட்டிலிருந்து, 'எங்களுக்குத் திருப்தி' என்று எழுதிய அட்டை உயர்ந்தது. பிராண்டனின் வேலை பறிபோனது. உத்தரவு போட்டவர் ஒருவர், வேலையை இழந்தவர் இன்னொருவர்!

அடுத்த சீஸனில் தனி பாக்ஸ்களைச் சொன்னபடி குறைக்காமல் தியேட்டர் இழுத்தடிக்க, மறுபடி சத்தம் கிளம்பியது. இந்த முறை சீக்கிரமே இறங்கிவந்தார்கள். புறாக்கூண்டில் உட்கார்ந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஜெயித்தது பிட்தான். நம் குமாஸ்தாவுக்கு ஆறு பென்ஸ் மிச்சம். அவரைவிட ஏழையான மாலுமிக்கு அப்போதும் நடிகரின் கால்தான் தெரிந்தது.

கெம்பிள் அதே மேடையில் இன்னும் சில வருடங்கள் நடித்தார். 1817 ஜூன் 23, அவருடைய கடைசி நாடகம். பெரும் கைதட்டலோடு அனுப்பிவைத்தார்கள். அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்ட வேடம், ஷேக்ஸ்பியரின் கொரியோலேனஸ். ஜனங்கள் முன்னால் பணிந்து நிற்கச் சொன்னால், முடியாது என்று ஊரைவிட்டே வெளியேறும் தளபதி.